கண்ணி வாரியவர் கேட்ட கண்ணிகள்

போர்க்கப்பல் என்றாலே பெரிய பீரங்கிகள்தான் நம் கண்முன் வரும். ஆனால், அந்தப் பெரிய கப்பல்கள் புறப்படுமுன் சின்னஞ்சிறு கப்பல்கள் முன்னால் போய்க் கடலடிக் கண்ணிவெடிகளை அகற்றியாக வேண்டும். இந்த வேலையிலேயே பெயரெடுத்தவர் ஜெர்மானியக் கடற்படை அதிகாரி ஃபிரீட்ரிஷ் ரூகே.

1894-இல் லைப்சிக் நகரில் பிறந்த ரூகே, 1914-இல் கடற்படையில் சேர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியக் கப்பல்கள் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் தடுத்து வைக்கப்பட்டன. எதிரியிடம் கொடுக்க மனமில்லாத மாலுமிகள், 1919 ஜூன் 21-இல் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தனர். 74 கப்பல்களில் 52 மூழ்கின. அன்று அங்கிருந்த இளம் அதிகாரிகளில் ரூகேயும் ஒருவர். பின்னர் கண்ணித் துறையைத் தேர்ந்துகொண்ட அவர், 1937-இல் கண்ணிவாரிக் கப்பல்களின் தலைவரானார்.

கண்ணியை எப்படி வாருவார்கள்? கடலடி நங்கூரத்தோடு கம்பியால் கட்டப்பட்ட இரும்புக் கோளம், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். கண்ணிவாரிக் கப்பல் நீண்ட எஃகுக் கம்பி ஒன்றைப் பக்கவாட்டில் விரித்து இழுத்துச் செல்லும். அதிலுள்ள வெட்டுக்கருவி கண்ணியின் கம்பியை அறுத்ததும் கண்ணி மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு அதை வெடிக்கவோ மூழ்கவோ வைப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால், வரிசையில் முதலில் போகும் கப்பலுக்கு வழியைச் சுத்தம் செய்து வைத்தவர் யாருமில்லை! 1939-இல் காந்தக் கண்ணிகளும் வந்துவிட்டன. கப்பல் தொடவே வேண்டாம், அதன் இரும்பு உடல் மேலே கடந்தாலே வெடிக்கும். அறுப்பதற்கு அதில் கம்பியும் இல்லை.

1942 பிப்ரவரியில் ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனௌ, பிரின்ஸ் யூகன் ஆகிய மூன்று பெரிய கப்பல்கள் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தாயகம் தப்பின. அந்தப் பாதையைத் துப்புரவாக்கியவை ரூகேயின் கப்பல்கள். பிரிட்டிஷ் விமானங்களாலும் கப்பல்களாலும் அவற்றைத் தடுக்க முடியவில்லை. கடைசியில் ஷார்ன்ஹோர்ஸ்டை இருமுறையும் நைசெனௌவை ஒருமுறையும் பதம் பார்த்தவை கண்ணிகள்தாம்.

1943 இறுதியில் அவர் தளபதி ரோமெலின் கடற்படை ஆலோசகரானார். இப்போது வேலை தலைகீழ். வாழ்நாளெல்லாம் கண்ணி வாரியவர், கண்ணி போடச் சொன்னார். நார்மண்டியின் செய்ன் விரிகுடாவைக் கண்ணிகளால் நிரப்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்தியும், கடற்படைத் தலைமை அதைப் போதிய அளவில் செய்யவில்லை. 1944 ஜூன் 6-இல் நேச நாடுகளின் படை வந்தபோது, முன்னால் வந்தவை 250-க்கும் மேற்பட்ட கண்ணிவாரிகள். அமெரிக்காவின் ஆஸ்ப்ரே முந்தைய நாளே கண்ணியில் சிக்கி மூழ்கியது. மற்றவை வழியைத் திறந்துவிட்டன.

ரூகேயின் திறமையை மெச்சும்போது, அது ஹிட்லரின் ஆட்சிக்காக உழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். அவர் கேட்ட கண்ணிகள் அங்கே கிடந்திருந்தால், நார்மண்டிக் கரையில் இன்னும் எத்தனையோ உயிர்கள் போயிருக்கும். அந்தக் கொடுங்கோல் ஆட்சியின் ஆயுளும் நீண்டிருக்கலாம்.

போருக்குப் பின் எஞ்சிய கண்ணிகளை வாரும் பொறுப்பு, பிரிட்டிஷ் மேற்பார்வையில் முன்னாள் ஜெர்மானிய மாலுமிகளிடமே விடப்பட்டது. சண்டை ஓய்ந்த பிறகும் அவர்களில் பலர் அந்த வேலையில் மாண்டனர். ரூகே 1956-இல் மேற்கு ஜெர்மனியின் புதிய கடற்படைக்குத் தலைமையேற்று, 1961 வரை பணியாற்றினார். 1985-இல் காலமானார். அந்தப் புதிய கடற்படைக்கு முதலில் கிடைத்த கப்பல்களில் பல, பழைய கண்ணிவாரிகளே.