வீட்டுப் பட்டறையில் ஜெட் – 5: பிளைவுட் சக்கரம்

லாரி டர்போசார்ஜரை வைத்து ஜெட் எஞ்சின் கட்டுகிறவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் பாதி வேலையை டர்போ செய்த கம்பெனியே முடித்துக் கொடுத்துவிடுகிறது. சுழலும் பாகங்களையும் வீட்டிலேயே செய்ய முடியுமா?

ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் செய்து காட்டினார். மாதிரி விமானங்களுக்காக 1980களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய முயற்சியில் பிறந்தது எஃப்.டி.3/64. அதில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் பிளைவுட்டால் ஆனது!

ஜெட் எஞ்சினில் மரம் கருகிவிடாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றை இருமடங்கு அழுத்தினாலும் அதன் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வரும். ஷ்ரெக்லிங்குக்கு அவ்வளவு அழுத்தமும் தேவைப்படவில்லை. எனவே கம்ப்ரசர் பக்கம் ஆபத்து சூட்டால் அல்ல, சுழற்சியால்தான். நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் முறை சுற்றும்போது சக்கரம் தன்னைத்தானே பிய்த்தெறியப் பார்க்கும். அதனால் விளிம்பைச் சுற்றிக் கார்பன் இழையை எபாக்சியில் தோய்த்து இறுக்கிக் கட்டினார். எந்த இடத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு இழுவிசை என்று தெரிந்தவருக்குத்தான் இந்தச் சிக்கனம் வாய்க்கும். வெறுமனே மலிவான பொருளைத் தேடியிருந்தால் எஞ்சின் முதல் நாளே சிதறியிருக்கும்.

எரிந்த சூடான வாயு பாய்ந்து சுழற்றும் டர்பைனுக்கு மரம் ஆகாது. அதை எஃகுத் தகட்டில் வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து உள்நோக்கி அறுத்து, ஒவ்வொரு இதழாக முறுக்கி, ராவி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய விமான எஞ்சின்களில் இந்த இதழ்களை நிக்கல் உலோகக் கலவையில் வார்க்கிறார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே தகடு தாங்கும் அளவுக்கு வாயுவின் சூட்டைக் குறைத்தாக வேண்டும்.

அந்த வேலை எரியறையின் துளைகளுடையது. எரியும் இடத்தில் சூடு 2,000 டிகிரியை நெருங்கும். மண்ணெண்ணெய் முழுதாக எரிய, எடையில் அதைப்போல் சுமார் 15 மடங்கு காற்று போதும். எஞ்சினோ அதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறது. எரியறைக்குள் இருக்கும் உள்குழாயின் முன்பகுதித் துளைகள் தீக்குத் தேவையான காற்றை மட்டும் விட, பின்பகுதியின் பெரிய துளைகள் மிச்சக் காற்றைக் கலந்து சூட்டைத் தணிக்கின்றன. துளைகள் இடம் மாறினால் தீ எரியறையைத் தாண்டி டர்பைனையே நக்கும். வீட்டில் எஞ்சின் கட்டுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். லேத்தில் கடைவதைவிட, எங்கே துளையிடுவது என்று தீர்மானிப்பதுதான் இவர்களுக்குப் பெரிய வேலை.

பின்னால் வந்த கே.ஜே.66 வடிவமைப்பில் மரம் போய், டர்போவின் 66 மில்லிமீட்டர் அலுமினியச் சக்கரம் வந்தது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றில் அதன் விளிம்பு ஒலியின் வேகத்தைத் தொடும். சக்கரம் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பாயும். ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில், சக்கரத்துக்கு நேராக, யாரும் நிற்கவே கூடாது.

அந்தச் சக்கரத்தை அதிராமல் சுழல வைப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.