ஒரு தரம்... இரண்டு தரம்...!
இணைய ஏலத்தில் பொருள் விற்கும் முறை

ஊர்க் கண்மாய் மீனுக்கும், சாலையோரப் புளியமரத்தின் பலனுக்கும் ஏலம் நடக்கும் நாளில் சாவடித் திண்ணை நிரம்பி வழிவதை நம்மில் மூத்தோர் பலர் இளமையில் கண்டிருப்போம். "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று ஏலம் கூறுபவர் இழுத்து நிறுத்தும்போது கூட்டம் மூச்சடங்கி நிற்கும். "மூன்று தரம்" என்ற சொல் விழுந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. பொருள் ஒருவருக்கு, ஏக்கம் மற்றவர்களுக்கு.

"ஏலம்" என்னும் சொல் போர்த்துகீசியர் நமக்கு விட்டுச்சென்றது. அவர்களுடைய "லெய்லாவ்" என்ற சொல்லே தமிழில் ஏலமாயிற்று. நாம் குடியேறி வாழும் வடபுலத்துக் கடைத்தெருக்களில் வழங்கும் "நீலாம்" என்ற இந்திச் சொல்லுக்கும் அதுவே மூலம். ஆகவே தமிழ் ஏலமும் இந்தி நீலாமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கல்கத்தாவில் வாழ்ந்த அன்பர்கள் ரஸ்ஸல் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த வீட்டுச் சாமான் ஏலங்களை மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் திண்ணையும் அந்தத் தெருவும் இன்று நம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. விற்பவர் டில்லியில் இருக்க, கேட்பவர்களில் ஒருவர் லண்டனிலும் மற்றொருவர் கனடாவிலும் இருக்கலாம். முகமறியாத அவர்கள் எதை நம்பி நமக்குப் பணம் அனுப்புகிறார்கள்? இணைய ஏலத்தில் வெற்றி பெற விரும்புவோர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்.

உடைந்த பொருளில் தொடங்கிய வாணிகம்

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிட்யார் என்னும் இளைஞர் "ஆக்ஷன்வெப்" என்ற ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் "ஈபே" என்று பெயர் பெற்றது. அதில் முதன்முதலாக விற்பனையான பொருள் பழுதுபட்ட லேசர் சுட்டுகோல் ஒன்று. அது வேலை செய்யாது என்று அறிந்தே ஒருவர் 14.83 டாலர் கொடுத்து வாங்கினார். குறையை ஒளிக்காமல் சொன்ன ஒரு விற்பனையிலேயே இவ்வாணிகம் பிறந்தது என்பதை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் "பாஸீ" என்னும் தளம் தோன்றியது. 2004-இல் ஈபே நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இந்தியாவிலிருந்து அந்நிறுவனத்தின் வெளிநாட்டுத் தளங்களில் விற்போர் இன்றும் இருக்கின்றனர். உயர்ந்த ஓவியங்களுக்கும், பழைய நாணயங்களுக்கும், தபால்தலைகளுக்கும் நம் நாட்டிலேயே ஏல நிறுவனங்கள் இணைய வழியில் ஏலம் நடத்துகின்றன. கட்டில், மேசை போன்றவற்றை அஞ்சலில் அனுப்ப இயலாது. அவற்றை உள்ளூர் விளம்பரத் தளங்களில் பேரம் பேசி விற்பதே நலம்.

நான் கற்ற பாடம்

2011-இல் பணி ஓய்வு பெற்று டில்லியில் அரசாங்க இல்லத்தைக் காலி செய்தேன். முப்பது ஆண்டுகளில் சேர்ந்த பொருள்கள் இரண்டறைக் குடியிருப்பில் அடங்குமா? விற்க மனமில்லை, வைக்க இடமில்லை. தெருவில் கூவிவந்த கபாடிக்காரரோ எல்லாவற்றையும் தராசில் வைத்து எடை பார்த்தார். இளமையில் ஆசையுடன் வாங்கிய யாஷிகா கேமரா கிலோக் கணக்கில் போவதைக் காணப் பொறாமல், அந்நாளில் நடைபெற்றுவந்த ஏலத் தளம் ஒன்றில் அதனைப் பதிந்தேன்.

அதன் கண்ணாடி வில்லையினுள் மெல்லிய பூஞ்சை படர்ந்திருந்தது. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தாலன்றித் தெரியாது. "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினேன். 3,100 ரூபாய்க்கு நாகபுரியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. வசைச்சொல் ஒன்றும் அதில் இல்லை. "படங்கள் யாவும் பனி மூடியவைபோல் இருக்கின்றன. தாங்கள் இதை முன்பே அறிவீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அறிவேன். அதுதான் என்னைச் சுட்டது. பணத்தையும் அஞ்சல் செலவையும் திருப்பி அனுப்பினேன். கேமரா திரும்பி வந்ததும் பூஞ்சையைத் தெளிவாகப் படமெடுத்துச் சேர்த்து, மறுபடியும் ஏலத்தில் இட்டேன். அப்போது என் மைத்துனர், "அத்தான், நான் வேறு பெயரில் புகுந்து இரண்டு முறை விலையை ஏற்றிவிடட்டுமா?" என்றார். நான் சற்றே தயங்கியதை மறைக்க விரும்பவில்லை. உள்ளிருந்து என் மனைவி, "ஒரு தடவை பட்டது போதாதா?" என்றாள். தன் பொருளைத் தானே ஆள் வைத்துக் கேட்பது ஏலத் தளங்கள் யாவும் விலக்கிய குற்றம் என்பதைப் பிறகே அறிந்தேன்.

இம்முறை கேமரா 2,250 ரூபாய்க்குப் போயிற்று. எடுத்தவர் புனாவில் கேமரா பழுது பார்ப்பவர். குறைந்த 850 ரூபாயைப் பற்றிச் சில நாள் வருந்தினேன். அது எப்போதுமே என்னுடையதாக இருந்ததில்லை என்பது மெல்ல மெல்லவே விளங்கிற்று.

நம்பிக்கைக்கும் விலை உண்டு

பொருளின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்நிலையில் வாங்குபவர் எல்லாப் பொருளையும் ஐயுற்றுக் குறைந்த விலையே தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். பழைய மோட்டார் கார் சந்தையை எடுத்துக்காட்டி இதனை 1970-இல் விளக்கியவர் ஜார்ஜ் அகர்லாஃப். அப்பொருளியல் அறிஞர் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்.

இணையத் தளங்கள் இதற்குக் கண்ட மருந்து, வாங்கியவர் எழுதும் நற்சான்று. அதன் மதிப்பை அளந்து பார்க்க அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். பழைய அஞ்சலட்டைகளை விற்றுவந்த அனுபவசாலி ஒருவர், தம் பெயரிலும் புதிய பெயர்களிலும் ஒத்த பொருள்களை ஈபேயில் விற்றார். நற்பெயர் பெற்ற கணக்கிற்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் விலை கிடைத்தது. அவ்வாய்வு 2006-இல் வெளியாயிற்று. ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் முதலில் சிறு பொருள்கள் சிலவற்றை விற்று நற்சான்று பெற்றுக்கொண்டு, அரிய பொருளைப் பின்னர்க் கொண்டுவருவதே அறிவுடைமை.

இருவர் வேண்டும்

விலை எவ்வாறு ஏறுகிறது என்பதையும் அறிதல் வேண்டும். ஈபே போன்ற தளத்தில் கேட்பவர் தாம் தரக்கூடிய உச்சத் தொகையை முன்னரே பதிந்து வைக்கலாம். தளம் அவருக்காகப் படிப்படியாக ஏலம் கேட்கும். ஒருவர் 500 ரூபாயும், மற்றொருவர் 800 ரூபாயும், மூன்றாமவர் 1,200 ரூபாயும் பதிந்தால் பொருள் மூன்றாமவருக்கே சேரும். ஆயினும் அவர் தருவது 1,200 அன்று. 800-க்கு மேல் ஒரு படி மட்டுமே. இத்தகைய ஏலத்தின் இயல்பை வில்லியம் விக்ரி என்னும் அறிஞர் 1961-இல் ஆராய்ந்து எழுதினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து விற்பவர் அறிய வேண்டுவது யாது? இரண்டாவது ஆளே விலையை நிர்ணயிக்கிறார். ஒருவர் எவ்வளவு விரும்பினாலும் போட்டியிட மற்றொருவர் இல்லையேல் பொருள் தொடக்க விலையிலேயே போய்விடும். பலர் தேடும் பொருளானால் தொடக்க விலையைக் குறைத்து வைத்துக் கூட்டத்தை அழைக்கலாம். ஒருவரோ இருவரோ மட்டும் விரும்பக்கூடிய பொருளானால், எந்த விலைக்குப் போனாலும் மனம் வருந்தாதோ அந்த விலையிலிருந்தே தொடங்குக.

பிறர் கேட்டிருக்கும் விலைகளைக் கண்டு மயங்கற்க. கேட்பதற்கு வரம்பில்லை. உண்மையில் விற்று முடிந்தவை என்ன விலைக்குப் போயின என்று தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அதுவே சந்தை மதிப்பு.

ஏலம் முடியும் வேளையும் முக்கியமானது. பலர் கடைசி நிமிடத்தில்தான் கேட்பார்கள். ஆகவே வாங்குவோர் வீட்டில் ஓய்வாக இருக்கும் வேளையில் ஏலம் முடிய வேண்டும். நம் ஊரில் ஞாயிறு இரவு 9.30 மணி என்றால், நியூயார்க்கில் கோடைக்காலத்தில் அதே ஞாயிற்றின் நண்பகல்.

எழுதுவதும் கட்டுவதும்

பொருளின் பெயர், செய்த நிறுவனம், காலம், அளவு ஆகியவை தலைப்பிலேயே இடம்பெற வேண்டும். தேடுபவர் அச்சொற்களைக் கொண்டே தேடுவார். "அருமையான பழம்பொருள்" என்று எழுதினால் ஒருவரும் தேடி வாரார். "மர்ஃபி வால்வு ரேடியோ, மரப்பெட்டி, பாடவில்லை" என்று எழுதினால் தேடுபவர் வந்து நிற்பார்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், சாளரத்தின் அருகே வைத்து எடுங்கள். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்தால் பருமன் விளங்கும். ஈயச் சொம்பின் நெளிவு, இசைத்தட்டின் கீறல், வெண்கலப் பானையின் ஒட்டு ஆகிய குறைகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்படம் வேண்டும். பழம்பித்தளையைப் புளியிட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்போரில் பலர் காலம் படிந்த நிறத்தையே விரும்புவர். நாணயங்களைத் தேய்த்தால் மதிப்புக் குறைவது உறுதி.

பொருளைப் பெட்டியில் கட்டிய பிறகே நிறுத்து, அஞ்சல் கட்டணத்தைக் கணக்கிடுங்கள். வெறும் பொருளை நிறுத்துக் கட்டணம் குறித்தவர் தம் லாபத்தை அஞ்சலகத்தில் வைத்துவிட்டு வருவார். உடையக்கூடியதாயின் பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, இடையில் கசக்கிய காகிதத்தைத் திணியுங்கள். கட்டும்போதே படமெடுத்து வைப்பது பிற்பாடு வழக்கு வந்தால் துணை நிற்கும். வழித்தடம் காட்டும் சேவையில் அனுப்பி, அந்த எண்ணை அன்றே வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டம் தடுப்பவை

100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், நாணயம் முதலியவையும், 75 ஆண்டுகளுக்குக் குறையாத அரிய கையெழுத்துப் பிரதிகளும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம். உள்நாட்டிலும் அவற்றைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். பாட்டனார் பூசையிலிருந்த விக்கிரகத்தையோ ஓலைச்சுவடியையோ பதியுமுன் தொல்லியல் துறையினரைக் கேட்டறிக. யானைத் தந்தத்தாலான பொருள்களின் வாணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருக்கக்கூடும், நன்கு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றுக்காரர்களும் உளர். உள்ளூர் விளம்பரம் கண்டு பேசுவதாகச் சொல்லி, "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பார்கள். யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதே இல்லை. எண்ணை அழுத்தினால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கு இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் நாணித் தாமதியாமல் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

மூன்றாம் தரம்

கேமராவுக்குப் பின் எங்கள் பழைய ரேடியோவை ஏலத்தில் இட்டேன். பாடவில்லை, முகப்புக் கண்ணாடியில் விரிசல், பின்மூடி இல்லை என்று மூன்று குறைகளையும் முதல் மூன்று வரிகளில் எழுதினேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைத்தது. எடுத்தவர் எழுதிய நற்சான்று, "சொன்னபடியே இருந்தது" என்ற இரண்டே சொற்கள்.

ஊர் ஏலத்தில் நாணயம் தவறியவனை மறுநாள் சாவடியில் எல்லோரும் காண்பர். இணையத்தில் நம்மை யார் காணப்போகிறார்கள் என்று தோன்றும். நாகபுரி ஆசிரியரின் முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆயினும் ஒவ்வொரு பொருளையும் பதியும்போது, "தாங்கள் இதை முன்பே அறிவீர்களா?" என்ற அவருடைய கேள்வியைப் படித்துக்கொண்ட பிறகே "மூன்று தரம்" சொல்கிறேன்.