மாதோட்டக் கரையும் நாட்டுப் பெயர்களும்

ஒரு நாட்டை அந்நாட்டார் ஒரு பெயராலும் கடல் கடந்து வந்தோர் வேறு பெயராலும் வழங்குதல் உலகியல்பு. நம் நாடு பெற்ற பெயர்களோ பல. அவற்றுட் சிலவற்றின் வரலாறு மன்னார்க் கடலோடு தொடர்புடையது.

அசோகனது பாறைச் சாசனங்களிற் காணப்படும் தம்பபண்ணி என்பது இத்தீவையே குறிப்பதென்பர். கிரேக்கர் கூறிய தப்ரபனே இதன் திரிபு. செம்மண் பட்டுச் சிவந்த கையால் இப்பெயர் எய்திற்றென்பது மகாவமிசக் கதை. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிற் கடலொடு கலக்கும் தாமிரபரணியின் பெயரே இக்கரை சேர்ந்ததென்பாரும் உளர். கதையினும் இக்கூற்றே பொருத்தமுடையது போலும்.

இனி, ஈழம் என்பதை ஆராய்வாம். சங்க நூலாகிய பட்டினப்பாலையிலேயே இச்சொல் பயில்கின்றது. சீகளம் என்பது முதற் சகரங் கெட்டு ஈழமாயிற்று என்பது கால்டுவெல் முதலியோர் கொள்கை. சிராவணம் ஆவணியானமை இதற்கு ஒப்பு. பொன்னும் கள்ளும் இச்சொற்குப் பொருளென நிகண்டுகள் கூறுதலின், இது தூய தமிழ்ச்சொல்லே என மறுப்பாரும் உளர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும் ஒன்று தெளிவு. முதற் பராந்தகன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' எனப் பட்டம் புனைந்தபோதும், இராசராசன் காலத்தில் ஈழமண்டலம் மும்முடிச்சோழமண்டலமானபோதும், அச்சொல் இத்தீவினையே சுட்டிற்று. பிற்கால அரசியல் வழக்கினை அக்கல்வெட்டுக்களில் ஏற்றிப் படித்தல் பிழையாம்.

இலங்கை என்பதன் இலக்கணம் எளிது. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாமையின் இகரம் முன் வந்தது. மாலா மாலையானாற்போல ஈற்று ஆகாரம் ஐகாரமாயிற்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனது ஊரும் மாவிலங்கையே. தெலுங்கரோ கோதாவரியின் ஆற்றிடைக்குறைகளை இன்றும் லங்கா என்பர். ஆகவே அது முதற்கண் தீவென்னும் பொதுப்பெயராயிருந்திருத்தல் கூடும்.

பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டத்தின் பெயரும் இவ்வாறு ஆராயத்தக்கது. பாளியில் அது மகாதித்தம், சிங்களத்தில் மாதொட்ட. 'தொட்ட' என்பது துறை. தமிழ்ச் செவிக்கு அது தோட்டமாய் ஒலித்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பின் அதனை மாற்றுவார் யாவர்? சோழர் இராசராசபுரம் எனப் பெயரிட்டும் அப்புதுப்பெயர் நிலைபெறவில்லை.

சிங்களதீவு என்பதே ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்பார் நூலிற் சீலதீபமாயும், அராபியர் நாவிற் செரந்தீபமாயும் திரிந்தது. சேரன் தீவு எனப் பிரிப்பது ஓசையின்பத்தாலேயன்றிச் சான்றால் அன்று. 1560ஆம் ஆண்டில் மன்னாரிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் நாட்டைச் செயிலாவோ என்றனர். ஆங்கிலேயர் சிலோன் என்றனர்.

1972 மே 22இல் நாடு குடியரசாகிய பின் வெளிவந்த அஞ்சல் முத்திரைகளை முந்தியவற்றோடு ஒப்பிடுக. சிங்களத்தில் 'லங்கா' என்பது 'ஸ்ரீ' என்னும் அடை பெற்றது. ஆங்கிலத்திற் சிலோன் மறைந்து ஸ்ரீ லங்கா வந்தது. தமிழெழுத்தில் மட்டும் முன்போலவே 'இலங்கை' என்றே உள்ளது.