கட்டுத்தரைக்கு லீவு கிடையாது
உடம்பும் மனசும் – 11

காலைப் பழக்கம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் அலாரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் அதற்கு வேலை குறைவு. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கட்டுத்தரையில் கன்று கத்தும். பதிலுக்கு மாடு கத்தும். வாசல் விளக்கு எரியும். சாணி வழித்து, தவிடும் புண்ணாக்கும் கலந்து தாழியில் வைத்து, கன்றை ஊட்டவிட்டுப் பால் கறந்து, பால் சொசைட்டியில் போய் நிற்கும்போது கிழக்கே அரைகுறையாகத்தான் வெளுத்திருக்கும். அப்படி வரிசையில் நின்ற ஒரு பெரியம்மாவிடம், “அலாரம் வைக்கிற பழக்கம் உண்டுங்களா?” என்று கேட்டேன். “அதெதுக்குங் கண்ணு? மாடு கத்துது, எந்திரிக்கறேன். எந்திரிக்காட்டி அது உடுமா?” என்றார். பால் அளவு குறித்த அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மன உறுதியை மட்டும் நம்பித் தைப்பொங்கலுக்கு ஆரம்பிக்கிற காலைப் பழக்கம் மாசி பிறப்பதற்குள் நின்றுபோவதை நாம் பார்த்திருக்கிறோம். நமக்காக எதுவோ, யாரோ காத்திருப்பதால் எழுந்திருக்கிறவர்களுக்கு அது வருஷக்கணக்கில் நிற்கிறது. இதை வெறும் கிராமத்துப் பெருமையாகச் சொல்லவில்லை. இதற்கு ஆய்வுச் சாட்சி உண்டு, அதுவும் நம் மதுரையிலிருந்தே.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உடலின் உயிர்க்கடிகாரம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் மாரிமுத்து, இராஜன் ஆகியோரும் சேர்ந்து 1981-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வௌவால்களைப் பற்றியது. வெளிச்சமே எட்டாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். பகலா இரவா என்று தெரிய வழியே இல்லை. ஆனாலும் சுற்றிலும் இருந்த மற்ற வௌவால்கள் அந்தியில் இரை தேடப் பறந்து, திரும்பி வரும் சந்தடியை வைத்தே கூண்டு வௌவால்களும் 24 மணி நேரக் கணக்கைப் பிசகாமல் பிடித்துக்கொண்டன. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது கணக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. சூரியனே தெரியாத இருட்டிலும் கூட்டாளிகள் இருந்தால் நேரம் தெரிகிறது!

மனிதனின் கடிகாரமும் தானாக விட்டால் நழுவக்கூடியதுதான். நம் உடம்பின் ஒரு நாள், சராசரியாக 24 மணிக்குச் சில நிமிஷங்கள் கூடுதல். அந்த மிச்சத்தை ஒவ்வொரு நாளும் யாராவது திருத்தியாக வேண்டும். முதல் திருத்தம் காலை வெளிச்சம். வீட்டுக்குள் டியூப்லைட் எத்தனை பளிச்சென்று எரிந்தாலும், மேகமூட்டமான காலையின் வெளி வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு அதிகம். பால் ஊற்றிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு இது கேட்காமலே கிடைக்கிறது. மாடு இல்லாத வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ போய் நின்றால் போதும். சிவன்மலைப் படியேறுகிறவர்களுக்கு வெளிச்சம், நடை, முருகன் தரிசனம் என்று மூன்றும் ஒரே செலவில் முடிந்துவிடுகிறது.

அடுத்த திருத்தம் மனிதர்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர், இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்காக ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். மருந்தோடு சேர்த்து, நாளின் ஒழுங்கையும் சீர்படுத்துவது அதன் வழி. அவர்கள் தினமும் நிரப்பும் சின்ன அட்டையில் ஐந்தே விஷயங்கள்: எப்போது எழுந்தீர்கள், அன்றைக்கு முதல்முதலாக இன்னொரு மனிதரோடு எப்போது பேசினீர்கள், வேலையை எப்போது ஆரம்பித்தீர்கள், ராத்திரிச் சாப்பாடு எப்போது, படுத்தது எப்போது. இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். யோகாவா, தியானமா, குளிர்ந்த தண்ணீரில் குளியலா என்று கேட்கவில்லை. முதல் பேச்சு எத்தனை மணிக்கு என்பதையே மருத்துவக் குறிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். பால் சொசைட்டி வரிசையில் இந்தக் கேள்விக்குத் தினமும் ஒரே பதில்தான் வரும்.

மாடில்லாத டவுன்காரர்களுக்காகக் கொங்கு நாடு வேறொரு கட்டுத்தரையை ஏற்பாடு செய்துகொண்டது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-ல் பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் அறிவுத்திருக்கோயில் வந்தது. அவருடைய மனவளக்கலைப் பயிற்சி மன்றங்கள் இந்தப் பகுதியில் ஊர் ஊராகப் பரவின. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று போகும் அந்த வரிசைக்கு அரை மணிக்கு மேல் ஆகாது. வயசானவர்களும் செய்யலாம். அங்கே கற்றுத்தரும் காயகல்பப் பயிற்சியைப் பற்றிச் சொல்லப்படுவதையெல்லாம் நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் விடியக்காலை மன்றத்துக்கு ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் பக்கத்துப் பாய்க்காரர் “என்னாச்சுங்க, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று போன் போடுவார். அதை எந்தச் செயலியும் செய்யாது. பயிற்சியில் பாதி பலன் இந்த விசாரிப்பில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இனி, காலையைக் கெடுக்கிற கவனச் சிதறலுக்கு வருவோம். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய், கொப்பரை வியாபாரம் பெரிது. கொச்சி விலையோடு காங்கேயம் விலையையும் சேர்த்துப் பார்ப்பது தொழிலில் வழக்கம். அதனால் கண் விழித்ததும் விலை பார்க்கப் போனைத் தேடித் தலையணைக்கு அடியில் கை போகிறவர்கள் இங்கே நிறைய. ஐந்து மணிக்கு எந்த மார்க்கெட்டும் திறந்திருக்காது. இருப்பது நேற்றைய விலையும், அதைப் பற்றிய இன்றைய புலம்பலும். அதற்குள் மனசு பத்துப் பக்கம் ஓடிவிடும். போனை வாசல் அறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தால், அதைத் தொடுவதற்கு முன் கையால் செய்கிற ஒரு வேலையாவது முடிந்திருக்கும். களத்தில் கொப்பரை காயப்போடுவதோ, வாசல் கூட்டுவதோ, எதுவானாலும் சரி.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னால் நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் முடிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். ஆகவே கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் தூங்கிவிட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

சீக்கிரம் எழுவதைப் புகழ்கிறவர்கள் எப்போது படுத்தார்கள் என்று கேட்பதே இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து, நாலு மணிக்குச் சாணி வழிக்கிற பெண்ணிடம் ‘ஆரோக்கியமான காலை’ என்று பேசுவது அக்கிரமம். அந்த வீட்டில் முதலில் மாற வேண்டியது இன்னொருவருடைய காலை. பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகிற வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கு வெளிச்சம், நடை, வரிசையில் நாலு பேச்சு. அந்தம்மாவுக்கு அரை மணி கூடுதல் தூக்கம்.

நூற்பு மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வேனில் வீடு திரும்புகிறவருக்கு இதில் பாதி பொருந்தாது. அவருக்கு விடிகிற நேரமே வேறு. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)