மேடையில்லாத ஆண்டு விழா

ஆண்டு விழா எவ்வாறு நடைபெறும் என்பதை நம் சங்கத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வண்ணக் கொடி ஏறும், பந்தல் நிறையும், மாலைகள் கைமாறும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை ஆகியன முடிந்தபின் நாட்டுப்பண் பாடிக் கலைவோம். ஆய்வாளன் என்ற முறையில், இத்தகைய விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்து விழித்திருக்கும் கடமையை நானும் பல ஆண்டுகளாக ஆற்றி வருகிறேன்.

இதற்கு முற்றிலும் மாறான ஓர் ஆண்டு விழாவைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகிறேன். இங்கிலாந்தில் பல ஊர்களிலும் இயங்கிவரும் நாட்டுப்பாடல் மன்றங்களின் விழா அது. கூட்டுறவு ஏட்டுக்கு இது எவ்வாறு பொருந்தும் என வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரம் நமக்குப் புதிதன்று. 1844 டிசம்பர் 21 அன்று ராச்டேல் நகரின் டோட் லேன் தெருவில் சிறு கடை திறந்த முன்னோடிகள் அவ்வட்டாரத்தவரே. அவர்களுள் நெசவாளர் பலர். விசைத்தறி வந்து கைத்தறியாளரின் கூலி வீழ்ந்த அக்காலத்துப் பசியையும் பட்டினியையும் அம்மக்கள் பாட்டாகவும் கட்டினர். பின்னாளில் ஆலைத் தறிகளின் முன் நின்றவர்களும் பாடினர். அண்டையிலுள்ள யார்க்ஷயரைச் சேர்ந்த பாட்லி என்னும் ஊரில், முதிய நெசவாளர் ஒருவரிடமிருந்து 1965-இல் கேட்டெழுதப்பட்ட 'பாவர்ட்டி நாக்' என்ற பாடல் அங்கு மிகவும் பெயர்பெற்றது. வறுமை தட்டும் ஓசை என்பது அத்தலைப்பின் கருத்து. தறியின் தட்டொலியையே அச்சொற்களாகக் கேட்டிருக்கிறார்கள்! நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்திருப்பவர்க்கு இதன் பொருளை நான் விளக்கவேண்டுமோ?

இப்பாடல்கள் ஏட்டில் ஏறிய வரலாற்றில் நம்மவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தேசிய நிலக்கரி வாரியம் தன் தொழிலாளர்க்காக 'கோல்' என்னும் திங்களிதழை நடத்தி வந்தது. 1951-ஆம் ஆண்டின் பிரிட்டன் பெருவிழாவை ஒட்டி அவ்விதழின் வாயிலாகச் சுரங்கத் தொழிலாளர் பாடல்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். வந்தவற்றை ஏ. எல். லாயிட் என்னும் அறிஞர் தொகுத்து 1952-இல் நூலாக்கினார். தொழிலாளர் ஏடு ஒன்று கேட்டது, தொழிலாளர் கொடுத்தனர். நம் நாட்டிலும் பெர்ஸி மாக்வீன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் அவர்கள் 'மலையருவி' என்ற பெயரில் பதிப்பித்தார்; அந்நூல் 1958-இல் வெளிவந்தது. ஆயினும் அச்சேறாத பாட்டுகள் எத்தனையோ! ஏற்றம் இறைத்தவர் சாலை எண்ணுவதற்கே பாட்டை வைத்திருந்தார். மின்விசைக் குழாய் வந்தது, எண்ணிக்கைக்கு வேலையில்லை, பாட்டும் போயிற்று.

மன்றங்களுக்கு வருவோம். அவை பெரும்பாலும் 1950-களிலும் 1960-களிலும் தோன்றியவை. மலிவான கிதாரும் துணி வெளுக்கும் தகரப் பலகையுமே கருவியாக இளைஞர்கள் பாடிய 'ஸ்கிபிள்' என்னும் இசை 1956-ஐ ஒட்டி அந்நாட்டில் காட்டுத்தீப்போல் பரவி, விரைவில் அவிந்தது. அதில் பாடப் பழகியவர் பலர் தம் சொந்த மண்ணின் பாடல்களை நாடினர். நியூகாசில் நகரில் 1958-இல் ஜானி ஹேண்டில், லூயி கில்லன் என்னும் இளைஞர் இருவர் தொடங்கிய மன்றம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஹேண்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தம் வட்டாரப் பேச்சிலேயே பாட்டுக் கட்டியவர். பிரிட்ஜ் ஓட்டல் என்னும் விடுதியின் மாடியறையில் பல்லாண்டுகள் கூடிய அம்மன்றம் 2008-இல் பொன்விழாக் கண்டது.

இம்மன்றங்களின் நடைமுறை என் தொழிற்கண்ணுக்கு மிகவும் பிடித்தது. சொந்தக் கட்டிடம் இல்லை. 'பப்' என வழங்கும் ஊர் மதுவிடுதியின் மாடியறையோ பின்னறையோதான் இடம். வாரத்தில் ஒருநாள் மாலை கூடுவர். வாயிலில் ஒருவர் மேசையிட்டு நுழைவுக்காசு வாங்குவார். இடையில் ஒரு குலுக்கல் சீட்டு நடைபெறும். அச்சில்லறையும் வரவில் சேரும். வெளியூர்ப் பாடகரை அழைக்கும் நாளில் வசூலிலிருந்து அவருக்கு ஊதியம் தருவர். மற்ற நாளில் அங்கத்தினரே பாடுவர். அன்று செலவு சொற்பம், மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைக் கொண்டு அடுத்த விருந்தினரை அழைப்பர். சம்பளம் பெறும் செயலாளர் பெரும்பாலும் கிடையாது. அரசின் மானியத்தை நம்பி அமைந்தவையும் அல்ல.

மேடை பெரும்பாலும் இராது, ஒலிபெருக்கியும் அரிது. விரும்பிய எவரும் எழுந்து ஒன்றிரண்டு பாடல்கள் பாடலாம். இவர்களைத் 'தரைப்பாடகர்' என்கிறார்கள். குரல் நன்றாயிருந்தால்தான் வாய்ப்பு என்பதில்லை. அடி மறந்துவிட்டால் அறையிலிருந்து எவரேனும் எடுத்துக் கொடுப்பர். பல்லவி வரும்போது அனைவரும் சேர்ந்து பாடுவர். அதுவும் ஒரே சுருதியில் அன்று, மேலும் கீழுமாகப் பின்னிப் பாடுவர். நுழைவுக்காசு கொடுத்து வந்தவரும் பாட்டில் பங்குகொள்கிறார். அங்கே கேட்பவர் யார், பாடுபவர் யார் என்று இனம் பிரிப்பதே கடினம்.

ஆண்டு விழாவும் இவ்வாறே. முன்பு அங்கே பாடி வந்தவர்களைத் தேடி அழைக்கிறார்கள். தொலைவூருக்குக் குடிபெயர்ந்தவரும் வந்து சேர்கிறார். ஆளுக்கொரு பாட்டு. மறைந்துபோன அங்கத்தினர் வழக்கமாகப் பாடிய பாட்டை இன்னொருவர் பாடுகிறார். இரங்கற்பா வேறு வேண்டியதில்லை. கேக் வெட்டிப் பகிர்கிறார்கள். யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை.

இவற்றுக்கும் இடையூறு நேராமல் இல்லை. முன்னர் மதுவிடுதிகளில் இருவர்வரை தனி உரிமமின்றிப் பாட இடமிருந்தது. 2003-இல் இயற்றப்பட்டு 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அச்சலுகையை நீக்கிற்று. ஒரு மூலையில் இருவர் பாடவும் அனுமதி வேண்டும் என்ற நிலை! பாடகர்கள் விடாது முறையிட்டனர். 2012-இல் வந்த நேரடி இசைச் சட்டத்தின் பின்னரே, மின்கருவியின்றிப் பாடும் இசைக்குக் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை உரிமம் வேண்டாம் என்றாயிற்று. அதனினும் பெரிய கவலை வயது. அன்று இருபது வயதில் தொடங்கியவர்க்கு இன்று எண்பதைக் கடந்துவிட்டது. பல மன்றங்களில் நரைத்த தலைகளே மிகுதி. விடுதி மூடப்பட்டு இடமிழந்தவையும் உண்டு. ஆயினும் தாக்குப்பிடிப்பவை இருக்கின்றன. புதிதாக வந்த பிள்ளையை அன்றிரவே ஒரு பாட்டுப் பாடச் சொல்லும் மன்றம் எளிதில் பட்டுப்போகாது என்பது என் கருத்து.

இதை எண்ணும்போதெல்லாம் என் சரகத்து நெசவாளர் ஊர் ஒன்று நினைவுக்கு வரும். அங்கே சங்கத்து அங்கத்தினர்களே பஜனையும் கும்மியும் ஒயிலுமாகப் பாடி வந்த குழு ஒன்று இருந்தது. வெள்ளிவிழா ஆண்டில் கையிருப்பு போதிய அளவு இருந்தது. சிறப்பாகச் செய்யவேண்டும் என்ற ஆர்வத்தால் நகரத்திலிருந்து மெல்லிசைக் குழுவைக் கூலி பேசி அழைத்தார்கள். அரங்கு நிறைந்த கூட்டம். வரவு செலவில் ஒரு காசு தவறில்லை. இருபத்தைந்தாண்டு பாடியவர்கள் அன்று நாற்காலியில் அமர்ந்து கைதட்டினர். மறு ஆண்டு விழா நடக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு குழுவே கூடவில்லை.

அண்மையில் தணிக்கைக்குச் சென்றபோது அங்கத்தினரில் முதியவர் ஒருவர், பாவு போடும் இடத்தில் தமக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அருகே சென்றதும் நிறுத்திவிட்டார். "தம்பி, இதெல்லாம் பழசு, நீங்க கணக்கைப் பாருங்க" என்றார். இரண்டடி பாடச் சொல்லி வற்புறுத்தினேன். ஐந்தாறு பாட்டு வந்தது. தறியில் நின்ற பேரன் நிறுத்திவிட்டுக் கேட்டான். அவனுக்கும் அவை புதியவை. குழுவின் ஆர்மோனியம் எங்கே என்றேன். சங்க அலுவலகத்துப் பீரோவில் பூட்டியிருக்கிறதாம். சாவி முன்னாள் பொருளாளர் வசம். அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஐப்பசியில்தான் திரும்புவாராம். அவர் வரும் வாரத்தில் மறுபடி அங்குச் செல்வதாகப் பயணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.