வகுப்பில் தூங்கும் நீச்சல் மாணவி

என் உயர்நிலை மூன்று வகுப்பில் ஒரு நீச்சல் மாணவி. விடியற்காலையிலும் பயிற்சி, பள்ளி முடிந்தும் பயிற்சி. பாட நேரத்தில் தலை சாய்ந்துவிடும். சோம்பல் என்றே நினைத்தேன். ஒருநாள் அவளே, "ராத்திரி தூக்கமே வரல டீச்சர். டைமிங்கும் மோசமாகிட்டே போகுது" என்றாள்.

பயிற்சி உடலைக் களைக்க வைக்கிறது. உடல் வலுப்பெறுவதோ ஓய்வில்தான். சில நாள் ஓய்வில் தேறினால் அது வெறும் களைப்பு. வாரக்கணக்கில் தேறாவிட்டால் மிகைப்பயிற்சியாக இருக்கலாம்.

நிறைய நீந்தினால் வேகம் தானாக வந்துவிடுமா? 1991இல் டேவிட் காஸ்டில் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி நீச்சல் வீரர்களில் ஒரு பிரிவினர் ஆறு வாரத்துக்கு நாளுக்கு ஒருமுறை, சுமார் 5,000 மீட்டர் நீந்தினர். மற்றவர்கள் இருமுறை, 9,000 மீட்டருக்கும் மேல். அதிகம் நீந்தியவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவுமில்லை. அந்த வாரங்களில் அவர்களின் குறுந்தூர வேகம் குறையவும் செய்தது. நம்ம ஜோசப் ஸ்கூலிங் 2016 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணிப் போட்டியை 50.39 விநாடியில் முடித்தார். அதற்கு வேண்டியது வேகம். (1,500 மீட்டர் நீந்துபவர்களுக்குக் கணக்கு வேறு.)

தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல், அடிக்கடி சளி, காலையில் வழக்கத்தைவிடக் கூடிய நாடித்துடிப்பு ஆகியவை அறிகுறிகள். நாடித்துடிப்பைத் தவிர மற்றவை பல நேரம் வகுப்பறையில்தான் முதலில் தெரியும். பயிற்றுநரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தயங்கியதில் ஒரு மாதம் போய்விட்டது.