ஒற்றைப் பலகைக் கணினியில் ஒலி வெளியீட்டைப் பகிர்தல்

ஒற்றைப் பலகைக் கணினியில் ஒலி வெளியீட்டைப் பகிர்தல் என்பது, ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியில் இயங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊடக இயக்கிகள், அக்கணினியின் ஒரே ஒலி வெளியீட்டை முரண்பாடின்றிப் பயன்படுத்தும்படி அமைப்பதாகும். இதை மூன்று வழிகளில் செய்யலாம். ஒலிகளை ஒன்றாகக் கலந்து வெளியிடுவது முதல் வழி. ஒலி வழங்கி ஒன்றை இடையில் நிறுத்துவது இரண்டாம் வழி. ஒவ்வோர் இயக்கியும் தன் முறை முடிந்ததும் வெளியீட்டை விட்டுக்கொடுப்பது மூன்றாம் வழி. பெரும்பாலான ஒற்றைப் பலகைக் கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்தில் செயல்படுவதால், இக்கட்டுரை லினக்ஸின் ஒலி அமைப்பையே அடிப்படையாகக் கொள்கிறது.

பின்னணி

ராஸ்பெரி பையின் முதல் பதிப்பு 2012 பெப்ரவரி 29 அன்று வெளியானது. 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அப்பலகை, கல்விக்காகவே உருவாக்கப்பட்டது. ஆயினும் குறைந்த விலை, குறைந்த மின்செலவு, விசிறி இல்லாததால் இரைச்சலின்மை ஆகியவற்றால் அது விரைவிலேயே வீட்டு இசைக்கருவியாகவும் பயன்படத் தொடங்கியது.

இத்தகைய இசைக்கருவியில் பொதுவாகப் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பின்னணியில் இயங்கும். வட்டில் உள்ள பாடல்களை இசைக்க எம்பிடி, வீட்டு இசை வழங்கியிலிருந்து பெற ஸ்குவீஸ்லைட், ஆப்பிள் கைப்பேசியிலிருந்து ஏர்பிளே வழியாகப் பெற ஷேர்போர்ட் சிங்க், திரைப்படம் பார்க்கக் கோடி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஆனால் ஒலிபெருக்கியோடு இணைந்த வெளியீடு ஒன்றே ஒன்றுதான்.

வெளியீட்டு வாய்கள்

ராஸ்பெரி பை வகைப் பலகைகளில் ஒலி வெளியேறும் வழிகள் பின்வருமாறு:

3.5 மி.மீ. செருகுவாய்: துடிப்பு அகலப் பண்பேற்ற முறையில் ஒலி உருவாக்கப்படுகிறது. இதன் தரம் எளிய பயன்பாட்டுக்குப் போதுமானது. சீரோ வகைப் பலகைகளிலும் ராஸ்பெரி பை 5இலும் இச்செருகுவாய் இல்லை.

எச்டிஎம்ஐ: படத்துடன் ஒலியும் இலக்க வடிவில் தொலைக்காட்சிக்குச் செல்கிறது.

யூஎஸ்பி ஒலி அட்டை: தனியாக வாங்கி இணைக்கத்தக்கது.

ஐ2எஸ்: 40 ஊசி இணைப்பின் மேல் பொருத்தப்படும் ஒலி மாற்றிப் பலகைகள் இவ்வழியைப் பயன்படுத்துகின்றன. இசை ஆர்வலர்கள் பெரிதும் விரும்புவது இதுவே.

இந்நான்கில் எதைப் பயன்படுத்தினாலும் பகிர்வுச் சிக்கல் ஒன்றே.

சிக்கலின் காரணம்

லினக்ஸ் கருனியில் ஒலிக்குப் பொறுப்பான பகுதி ஆல்சா எனப்படுகிறது. யாரோஸ்லாவ் கைசெலா 1998இல் தொடங்கிய இத்திட்டம், 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் முதன்மை ஒலி அமைப்பாக இடம்பெற்றது. ஆல்சாவில் ஒலி அட்டையை இரு வகையான பெயர்களால் அழைக்கலாம். எச்டபிள்யூ எனத் தொடங்கும் பெயர் வன்பொருளை நேரடியாகக் குறிக்கும். டிஃபால்ட் என்னும் பெயர், அமைப்புக் கோப்பில் வரையறுக்கப்பட்ட வழியைக் குறிக்கும்.

சில பழைய மேசைக்கணினி ஒலி அட்டைகள் பல ஒலி ஓடைகளை ஒரே நேரத்தில் ஏற்று, தாமே வன்பொருளில் கலக்கும் திறன் பெற்றிருந்தன. ஒற்றைப் பலகைக் கணினிகளுடன் இணைக்கப்படும் மலிவான யூஎஸ்பி அட்டைகளுக்கும் ஐ2எஸ் மாற்றிகளுக்கும் அத்திறன் இல்லை. அவை ஒரு நேரத்தில் ஓர் ஓடையை மட்டுமே ஏற்கும். எனவே ஓர் இயக்கி வன்பொருளை நேரடியாகத் திறந்துவிட்டால், அது மூடும் வரை மற்றொன்று திறக்க இயலாது. இரண்டாவதாக வரும் இயக்கிக்குச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்னும் பிழைச்செய்தி கிடைக்கும்.

பின்னணிச் சேவைகளுக்குத் திரை இல்லை. எனவே அப்பிழைச்செய்தி பதிவேட்டில் எழுதப்படுமே தவிர, கேட்பவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது மௌனம் மட்டுமே. பாட்டு நின்றுபோனால் அது சிறு தொல்லைதான். ஆனால் அதே வெளியீட்டில் காலை எழுப்பொலியோ கதவு மணியோ இணைக்கப்பட்டிருந்தால் விளைவு வேறு. பார்வையற்றவர் ஒருவர் ஓர்க்கா போன்ற திரை வாசிப்பான் கொண்டு கணினியைப் பயன்படுத்தும்போது, பாடல் இயக்கி ஒன்று வெளியீட்டைத் தனதாக்கிக்கொண்டால், திரை வாசிப்பானின் குரல் அடைபட்டுவிடும். பாடலை நிறுத்தும் பொத்தான் எங்குள்ளது என்று சொல்லவேண்டிய குரலும் அதுவே. இத்தகைய கணினிகளில் ஒலிப் பகிர்வு தவிர்க்க இயலாத தேவையாகும்.

முதல் வழி: டிமிக்ஸ் கொண்டு கலத்தல்

டிமிக்ஸ் என்பது ஆல்சாவுடன் வரும் ஒரு கலப்புச் செருகுநிரல். இதற்கெனத் தனி வழங்கி எதுவும் இயங்குவதில்லை. இயக்கிகள் யாவும் பகிர்வு நினைவகம் ஒன்றைத் திறந்து, தத்தம் ஒலி மாதிரிகளை அங்குள்ள கூட்டுத்தொகையில் சேர்க்கின்றன. இறுதிக் கூட்டுத்தொகை ஒலி அட்டைக்குச் செல்கிறது.

கலத்தல் என்பது எண்களைக் கூட்டுவதே. 16 பிட் ஒலியில் ஒரு மாதிரியின் மதிப்பு −32,768 முதல் 32,767 வரை இருக்கலாம். ஒரு பாடலின் மாதிரி 9,000, மணியொலியின் மாதிரி 4,000 எனில் வெளியேறுவது 13,000. ஒன்று 20,000, மற்றொன்று 18,000 எனில் கூட்டுத்தொகை 38,000 ஆகிறது. அது எல்லையைத் தாண்டுவதால் 32,767 என வெட்டப்படும். இவ்வெட்டு காதுக்குக் கரகரப்பாகக் கேட்கும். இதைத் தவிர்க்க ஒவ்வோர் இயக்கியின் ஒலியளவையும் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். இரண்டையும் பாதியாக, அதாவது 6 டெசிபெல், குறைத்தால் வெட்டு நேராது. இயக்கிக்கென ஒலியளவுக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், ஆல்சாவின் சாஃப்ட்வால் என்னும் செருகுநிரல் அதைத் தரும்.

டிமிக்ஸுக்கான வரையறை, இடிசி அடைவில் உள்ள அசவுண்ட் டாட் கான்ஃப் என்னும் கோப்பில் எழுதப்படுகிறது. அதில் கவனிக்க வேண்டியவை:

திறவு எண்: எல்லா இயக்கிகளும் ஒரே பகிர்வு நினைவகத்தை அடையாளம் காண உதவும் முழு எண். இரு வேறு டிமிக்ஸ் வரையறைகளுக்கு ஒரே எண்ணைத் தரக்கூடாது.

அனுமதி: பின்னணிச் சேவைகள் பெரும்பாலும் வெவ்வேறு பயனர் பெயர்களில் இயங்குகின்றன. புதிதாக எழுதும் வரையறையில் அனுமதி குறிப்பிடப்படாவிட்டால், முதலில் திறந்த பயனருக்கு மட்டுமே பகிர்வு நினைவகம் கிடைக்கும். எனவே குழுவை ஆடியோ என்றும், அனுமதியை 0660 என்றும் குறித்து, சேவைகளின் பயனர்களை எல்லாம் அக்குழுவில் சேர்க்க வேண்டும். ஒரே பயனராகச் சோதிக்கும்போது சரியாக இருந்து, சேவைகளாக இயக்கியதும் பகிர்வு நின்றுபோவதற்கு இதுவே பொதுவான காரணம்.

மாதிரி வீதம்: டிமிக்ஸ் ஒரே வீதத்தில்தான் இயங்கும். குறுந்தகட்டின் வீதம் வினாடிக்கு 44,100. திரைப்பட ஒலியின் வீதம் பொதுவாக 48,000. வீதம் மாறுபட்ட ஒலியை மாற்றித் தர, பிளக் என்னும் செருகுநிரலை டிமிக்ஸுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

இடையக அளவு: 48,000 வீதத்தில் 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு பகுதி சுமார் 21 மில்லி வினாடி. நான்கு பகுதிகள் கொண்ட இடையகம் சுமார் 85 மில்லி வினாடி. அளவு மிகச் சிறிதானால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். மிகப் பெரிதானால் படத்தில் உதடசைவும் ஒலியும் பொருந்தாமல் போகலாம்.

வீத மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. 44,100இலிருந்து 48,000க்கு மாற்றும்போது ஒவ்வொரு 147 மாதிரிகளுக்கும் ஈடாக 160 புதிய மாதிரிகள் கணக்கிடப்படுகின்றன. தரமான கணக்கீடு செயலியின் நேரத்தை எடுக்கும். எளிய கணக்கீடு ஒலியின் தெளிவைக் குறைக்கும். வீட்டில் பாடல் கேட்பதே முதன்மைப் பயன் என்றால், ஒலி அட்டை ஏற்கும் பட்சத்தில், டிமிக்ஸை 44,100 வீதத்தில் அமைப்பது நன்று. அப்போது பெரும்பாலான பாடல்களுக்கு மாற்றமே தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் இயக்கியின் அமைப்பிலும் வெளியீடாக டிஃபால்ட் அல்லது டிமிக்ஸ் வழியே குறிக்கப்பட வேண்டும். ஓர் இயக்கி மட்டும் எச்டபிள்யூ பெயரைப் பயன்படுத்தினாலும், அது இசைக்கும்போது மற்ற அனைத்தும் மௌனமாகிவிடும்.

இரண்டாம் வழி: ஒலி வழங்கி

ஒலி வழங்கி என்பது வன்பொருளைத் தான் ஒன்றே திறந்து வைத்துக்கொண்டு, மற்ற மென்பொருள்களிடமிருந்து ஒலியைப் பெற்றுக் கலந்து வெளியிடும் மென்பொருள். லெனார்ட் பொயட்டரிங் 2004இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ இவ்வகையில் நெடுங்காலம் பரவலாக இருந்தது. விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. 2021இல் ஃபெடோரா 34 பைப்வயரை இயல்பான ஒலி வழங்கியாக ஏற்றது. ராஸ்பெரி பை இயங்குதளத்தின் மேசைத்தளப் பதிப்பு 2020 டிசம்பரில் பல்ஸ்ஆடியோவையும், 2023 அக்டோபரில் பைப்வயரையும் ஏற்றது.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி ஒலியளவு, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியீட்டை மாற்றும் வசதி, புளூடூத் ஒலிபெருக்கிகளுடன் எளிய இணைப்பு ஆகியவை ஒலி வழங்கியின் நன்மைகள். திரையும் விசைப்பலகையும் கொண்டு ஒருவர் பயன்படுத்தும் கணினிக்கு இதுவே ஏற்றது. திரை வாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும்.

திரையில்லாத கணினியில் ஓர் இடர் உண்டு. இவ்வழங்கிகள் வழக்கமாகப் பயனர் உள்நுழைந்த பின்பே தொடங்குகின்றன. யாரும் உள்நுழையாத பலகையில் வழங்கி இயங்காது. வேறு பயனர் பெயரில் இயங்கும் சேவையால் அதை அணுகவும் முடியாது. இதற்குத் தீர்வாக, குறிப்பிட்ட பயனரின் சேவைகள் கணினி தொடங்கியதுமே இயங்கும்படி லிங்கர் என்னும் வசதியை அப்பயனருக்கு இயக்கி, ஊடக இயக்கிகளையும் அதே பயனரின் சேவைகளாக மாற்றலாம்.

மூன்றாம் வழி: முறை வைத்துப் பயன்படுத்தல்

இசையை மாற்றமின்றி மூல வடிவிலேயே கேட்க விரும்புவோர் கலத்தலை விரும்புவதில்லை. இரு பாடல்கள் ஒன்றாக ஒலிப்பதும் பெரும்பாலும் தேவையற்றது. அவர்களுக்கு வெளியீட்டை விட்டுக்கொடுக்கும் முறை போதும்.

ஸ்குவீஸ்லைட்டில் குறிப்பிட்ட வினாடிகள் ஓய்ந்திருந்தால் சாதனத்தை மூடும் விருப்பம் உள்ளது. ஷேர்போர்ட் சிங்கில் இசை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரு கட்டளையை இயக்கும் வசதி உள்ளது. தொடங்கும் முன் எம்பிடியை நிறுத்தும் கட்டளையை அதில் எழுதினால், கைப்பேசியிலிருந்து பாடல் வந்ததும் எம்பிடி விலகிக்கொள்ளும். கோடியில் ஒலிச் சாதனத்தை உயிர்ப்புடன் வைத்திருக்கும் அமைப்பு உள்ளது. படம் நின்ற பிறகும் அது சாதனத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும்.

டால்பி போன்ற குறியீடாக்கப்பட்ட பல்தட ஒலியைப் பெருக்கிக்கு அப்படியே அனுப்பும்போது இம்மூன்றாம் வழி மட்டுமே பொருந்தும். குறியீடாக்கப்பட்ட தரவுடன் வேறொன்றைக் கூட்டினால் பெருக்கியால் அதைப் படிக்க இயலாது.

பல அறைகளுக்கு ஒலி அனுப்பும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருளில் மெட்டா என்னும் ஓடை வகை உள்ளது. பல ஓடைகளை முன்னுரிமை வரிசையில் கொடுத்தால், இயங்கிக்கொண்டிருப்பவற்றுள் முதன்மையானதை அது தேர்ந்து அனுப்பும். கதவு மணியை முதலிலும் பாடலை அடுத்தும் வைத்தால், மணி அடிக்கும்போது பாடல் விலகிப் பின் தொடரும்.

சிக்கல் கண்டறிதல்

ஒலி வராதபோது அமைப்புக் கோப்பைத் திருத்தும் முன், சாதனத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டெவ் அடைவின் எஸ்என்டி உள்ளடைவில் இருக்கும் சாதனக் கோப்புகளின் மீது ஃபியூசர் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இயக்கினால், அவற்றைத் திறந்துள்ள செயல்களின் எண்கள் தெரியும். அவ்வெண்ணைக் கொண்டு மென்பொருளின் பெயரையும், அது எந்தப் பயனர் பெயரில் இயங்குகிறது என்பதையும் அறியலாம்.

யாரும் பிடித்திருக்கவில்லை எனில் அட்டையின் எண் மாறியிருக்கலாம். அட்டைகளுக்கு 0, 1 என வழங்கப்படும் எண்கள், கணினி தொடங்கும்போது அவை கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தவை. யூஎஸ்பி அட்டையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எண்கள் மாறக்கூடும். எனவே அமைப்புக் கோப்பில் எண்ணுக்குப் பதிலாக அட்டையின் பெயரைக் குறிப்பது பாதுகாப்பானது.

மாற்றம் செய்த பின் எல்லா ஊடக இயக்கிகளையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். பழைய அமைப்புடன் திறந்த டிமிக்ஸ், அதைப் பயன்படுத்தும் கடைசி இயக்கி மூடும் வரை பழைய அனுமதியுடனும் வீதத்துடனுமே தொடரும்.